ஆரஞ்சுக் கொடி

கொடி மேஜை மேல் கிடந்தது.

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். அதைத் துப்பாக்கியின் தோட்டா அறையில் செருகிவிட்டால் வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ஒன்றுமில்லை, காலி என்று தூரத்தில் வருகிறவனுக்கும் தெரியும். காலையில் வெர்னன் டீக் தன் கையால்தான் அதைச் செருகினார். மாலை ஐந்து மணிக்குப் பட்டறைக்குள் வந்து விளக்கைப் போட்டால், அது அரத்துக்கும் எண்ணெய்க் குப்பிக்கும் நடுவில் கிடக்கிறது. தாங்கியில் படுத்திருந்த ரைஃபிளின் போல்ட், தோட்டா அறையை அடைக்கும் அந்த இரும்புத் தண்டு, மூடியிருக்கிறது.

போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். பித்தளை பளபளக்க ஒரு தோட்டா துள்ளி விழுந்து, உருண்டு, சுவரோரம் போய் நின்றது.

வெர்னன் குனிந்து அதை எடுத்துத் தோட்டாப் பெட்டியில் போட்டார்.

வேறு யாராவது என்றால் சரி, மறதி என்று தலையில் தட்டிக்கொண்டு போயிருப்பார்கள். வெர்னன் அப்படிப்பட்ட ஆளா? கல்யாணத்தன்று மாமனார் பரிசாக நீட்டிய ரைஃபிளையே, சர்ச் வாசலில் அத்தனை பேர் முன்னாலும் திறந்து பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவி, “காலி” என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார். கிழவர் கோபப்படவில்லை. “இவனுக்கு என் பொண்ணைத் தாராளமா குடுக்கலாம்” என்று சிரித்தார். முப்பத்து நாலு வருஷமாக மனைவி ரோண்டா துப்பாக்கிகள் நிறைந்த இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கியதே அந்தச் சுண்டுவிரலை நம்பித்தான்.

வெளியே வடக்கத்திக் காற்று தகரக் கூரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. மாட்டுக்கறிச் சில்லிக் குழம்பு கொதிக்கும் சீரக வாசனையும், ரோண்டாவின் ரேடியோவும், அவள் செருப்புச் சத்தமும் சுவரைத் தாண்டி வந்தன. பட்டறையில் எண்ணெயும் வார்னிஷும் மணத்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. யாரோ சற்று முன் சுட்டுவிட்டுப் போனதுபோல், லேசாக, கருகல் வாசனை.

தாங்கியில் இருந்த அந்த ரைஃபிளை ஏலத்தில் எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது. வால்நட் கட்டை, தேன் நிறத்தில் ரேகை ரேகையாக. ஒரே குறை, கன்னம் வைக்கும் மேடு வலப்புறத்தில் இருந்தது. யாரோ இடது கைக்காரன் தன் முகத்துக்கு ஏற்றபடி இழைத்துச் செய்த மேடு. வெர்னன் வலது கைக்காரர், அதை அரத்தால் ராவிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். அதற்குள் கை சும்மா இருக்காமல், காட்டுப் பன்றி வேட்டைக்கென்று வாங்கிய புது தெர்மல் ஸ்கோப்பை அதன் மேல் பூட்டிவிட்டார். இருட்டிலும் உடம்புச் சூட்டை வெள்ளையாகக் காட்டும் குறிபார்க்கும் கருவி அது.

லானியைப் போனில் கூப்பிட்டார். ஏலத்துக்கு இழுத்துக்கொண்டு போனவன் அவன்தான்.

“என்னடா, பன்னி சுட்டாச்சா? இல்ல, பன்னி உன்னைச் சுட்டுருச்சா?”

“லானி, இது யாரோட துப்பாக்கிடா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“கிழவன் புரூயிட்டோடது. சொன்னா நீ வாங்க மாட்ட. நீயோ அந்தக் கட்டையை வச்ச கண்ணு வாங்காம பாத்துட்டு நின்ன. சரி, எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

“சொல்லித் தொலைடா.”

“அவன் பட்டறையில இதைத் துடைச்சுட்டு இருந்திருக்கான். பொண்டாட்டி சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிட்டு இருந்திருக்கா. வெடிச்சு, சுவத்தைத் துளைச்சு அவ மேல பாஞ்சுருச்சு. விபத்துன்னு எழுதி, துப்பாக்கியையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் அந்த ஆள் ஒரே பேச்சுதான் பேசினானாம். காலிதான், நானே பாத்தேன், காலிதான், நானே பாத்தேன்னு.” லானி தொண்டையைச் செருமினான். “வெர்ன், லைன்ல இருக்கியா?”

வெர்னன் போனை வைத்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம் கேட்டது.

தோட்டாப் பெட்டிகளையெல்லாம் ஒரு பைக்குள் போட்டு சமையலறைக்கு எடுத்துப்போனார்.

“இதைக் கொண்டுபோய் வண்டியில வச்சுப் பூட்டு, ரோண்டா. சாவியை நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத.”

“அடேயப்பா! மூணு வாரமா புதுப் பொண்டாட்டி மாதிரி அதைத் தடவிட்டு இருந்த, இன்னிக்கு என்ன சண்டை?”

“சொன்னதைச் செய்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலியை நிறுத்திவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வண்டிக் கதவு அடித்துச் சாத்துவதும், அவள் திரும்பி வந்து கொக்கி போடுவதும் காதில் விழுந்த பிறகுதான் வெர்னனுக்கு மூச்சு வந்தது.

பட்டறைக்குத் திரும்பினார். போல்ட்டை முழுசாக உருவிச் சட்டைப் பையில் போட்டார். கனமாக, குளிராக நெஞ்சில் இடித்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். காலி. டார்ச் அடித்துப் பார்த்தார். காலி. போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் தடி, இனி அதால் யாரை என்ன செய்ய முடியும்?

ஆனாலும் யார் அதைத் தொட்டது? ஸ்கோப்பில் பார்த்தால் தெரியும். மரத்தின் மேல் கை வைத்து எடுத்தால், அந்தச் சூடு கொஞ்ச நேரம் வெள்ளைத் தடமாக நிற்கும். துப்பாக்கியில் பூட்டியிருக்கும் ஸ்கோப்பால் மட்டும் எதையும் வேடிக்கை பார்க்கக் கூடாது. கண் போகிற இடத்துக்கெல்லாம் குழலும் போகும். வேட்டைக்காரர்களிடம் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. அதனால் திருகாணிகளைக் கழற்றி ஸ்கோப்பைத் தனியே எடுத்தார். நான்கு திருகாணிகள். நான்கையும் தகர மூடியில் போட்டார். விளக்கை அணைத்துவிட்டு, ஸ்கோப்பைக் கண்ணில் வைத்தார்.

துப்பாக்கி கறுப்பாகத் தெரிந்தது. குழல் கறுப்பு. கட்டையும் கறுப்பு.

வலப்புற மேட்டில் மட்டும் ஒரு வெள்ளைத் தடம்.

கன்னம். தாடை எலும்பின் வளைவுகூடத் தெரிந்தது. கைப்பிடியில் நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல். இடது கை. தடம் மங்கவே இல்லை. பார்க்கப் பார்க்க வெளுத்துக்கொண்டே வந்தது.

வெர்னன் ஓரடி பின்னால் வைத்தார். திரும்பினார். எதிரே சமையலறைச் சுவர், சாம்பல் நிறத்தில்.

சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி.

சுண்டுவிரல் நுனி அளவு. இடுப்புக்குச் சற்று மேலே. சமையலறைச் சூடு ஒரு ஓட்டை வழியாக இந்தப் பக்கம் கசிவது போல. ஸ்கோப்பை இறக்கினார். சுவரைக் கையால் தடவினார். வழவழவென்று முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. பின்வாங்கி மறுபடி கண்ணில் வைத்தார்.

புள்ளி அங்கேயே இருந்தது.

“ரோண்டா!” குரல் பிசிறியது. “ரோண்டா, அங்க நிக்காத!”

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

கை வலித்தது. அப்போதுதான் உறைத்தது. ஸ்கோப் அரைக் கிலோவுக்கு மேல் இருக்காது. கையில் இருந்தது நாலு கிலோ.

கன்னத்தில் மரம். வெதுவெதுவென்று. மேடு அளவெடுத்தது போல் பொருந்தியது.

இடது கன்னம்.

வலது கையால் சட்டைப் பையைத் துழாவினார். போல்ட் இல்லை. மெல்லிசாக, வழுவழுப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டு, மேஜை மேல் கிடந்த அந்தக் கொடி. கடவுளே. வேண்டாம். எடைக்குத் தாழ வேண்டிய குழல் தாழவே இல்லை. யாரோ முன்னால் தாங்கிப் பிடித்திருப்பது போல் அசையாமல் நின்றது. கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்தது. நின்றது.

“வெர்ன்? கூப்பிட்டியா?”

செருப்புச் சத்தம் சுவரை நெருங்கியது. வெள்ளைப் புள்ளி பளிச்சென்று இன்னும் வெளுத்தது. அவள் அதற்கு நேரே வந்து நின்றிருந்தாள்.

விலகு என்று கத்த வாயைத் திறந்தார். ஓடு என்று கத்த. நாக்கு வேறு எதையோ சொன்னது, ரொம்ப நாளாகச் சொல்லிப் பழகியது போல.

“காலிதான்,” என்றார். “நானே பாத்தேன்.”

“எது காலி?” ரோண்டா சிரித்தாள்.

குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். வெர்னனின் இடது ஆள்காட்டி விரல் மெதுவாக மடங்கத் தொடங்கியது.