அப்பாவின் காலும் கடல்பாசிக் கட்டும்

நடந்ததைக் கேட்டதும் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குத் தலையே சுற்றிவிட்டது.

"கட்டைப் பிரிச்சு வெட்டினீங்களா? துணி வெட்டுற கத்தரியாலயா?"

"ஓரம் நீட்டிக்கிட்டிருந்துச்சும்மா. கோணலா வேற இருந்துச்சு. டெய்லர் கையாச்சே, சும்மா இருக்கல," என்றார் அப்பா, திருட்டு முழி முழித்தபடி.

பக்கத்தில் நின்ற மகளுக்குச் சிரிப்பு வந்தது. குட்டையாக, உருண்டையாக இருப்பாள் என்பதால் எல்லோரும் அவளைப் பொத்தான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் நர்ஸம்மா சிரிக்கவில்லை. பொத்தானின் சிரிப்பும் பாதியிலேயே நின்றுவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. உள்ளங்காலில் புண் வந்ததே அவருக்குத் தெரியாது. செருப்பில் ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. இப்போது கட்டுக்குள் அழுக்குப் புகுந்து, புண் இன்னும் பெரிதாகியிருந்தது.

"அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, பாதத்தையே எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றார் நர்ஸம்மா மெதுவாக.

பிறகு புண்ணைக் கழுவி, வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு துண்டை வைத்துக் கட்டினார்.

"இது கடல்பாசியில செய்யறது. புண்ணை ஆற விடும். நீங்களும் விடணும். காலை ஊனாதீங்க. மெஷின் மிதிக்கவே கூடாது. கட்டை நாங்கதான் பிரிப்போம். அடுத்த வாரம் வாங்க."

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டின் முன்னறைதான் கடை. தைக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் அங்கே குவிந்து கிடந்தன. மறுநாள் பொத்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா! மிதிக்கக் கூடாதுன்னாங்கல்ல?"

"வலிக்கவே இல்ல கண்ணு. வலிச்சா நிறுத்திட மாட்டேனா?"

"வலிக்காததுதானே வியாதியே!" உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "காலை எடுத்துட்டா அப்புறம் யாரு மிதிப்பா? உங்க தாத்தாவா வருவாரு?"

சண்டைக்குக் கிளம்பிய குரல் அழுகையில் போய் முடிந்தது.

அப்பா மெஷினை நிறுத்தினார். "சும்மா உக்காந்தா காலைப் பத்தியே நினைப்பு வருது," என்றார். அப்பா இப்படிப் பேசிப் பொத்தான் கேட்டதே இல்லை.

அவள் பையை இறக்கி வைத்தாள். மெஷினுக்கு அடியில் புகுந்தாள். அப்பாவின் காலை இரண்டு கைகளாலும் தூக்கி முக்காலிமேல் வைத்தாள். மிதிகட்டையில் உள்ளங்கைகளை ஊன்றி அழுத்தினாள்.

சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் பட்டென்று அறுந்தது.

"அடியே, சட்டைக்குத் தையல் போடுறியா, பிரிக்கிறியா?"

"நீங்க சக்கரத்தைத் தள்ளி விடுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

"சரி, மெதுவா... போ, போ... நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்தணும் டிரைவரே!"

அன்று ஒரே ஒரு சட்டைக்குத்தான் கை வைக்க முடிந்தது. அதிலும் ஒரு கை கொஞ்சம் நெளிந்திருந்தது. பிரித்துத் தைத்தார்கள்.

அதன்பின் தினமும் மாலையில் அவள் இடம் மெஷினுக்கு அடியில்தான். உள்ளங்கைகள் சிவந்து கன்றிப்போயின. பள்ளிக்குப் போகும்போது மெஷினின் பெல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். "போலீஸ்காரி!" என்று அப்பா முறைத்தார். பகலெல்லாம் காலை நீட்டி உட்கார்ந்து, சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் கையாலேயே காஜா தைத்தார்.

நர்ஸம்மா சொன்ன நாள் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள்.

வெள்ளைத் துண்டைக் காணோம். கூழ் போல, வழவழவென்று ஏதோ புண்ணை மூடியிருந்தது. பொத்தான் பயந்துபோனாள். 'மிதிக்காமலே அழுகிப்போச்சே!'

"போச்சா?" என்று கேட்டார் அப்பா. அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார்.

"ஒண்ணும் போகல. புண்ணோட ஈரத்தைக் குடிச்சா அந்தப் பாசி இப்படித்தான் கூழாயிடும்."

நர்ஸம்மா அதைக் கழுவிவிட்டுக் குனிந்து பார்த்தார். டாக்டரையும் கூப்பிட்டார். டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இப்போதைக்குப் பாதத்தை எடுக்க வேண்டாம். இப்படியே பாத்துக்குங்க," என்று சொல்லிப் போனார்.

"எப்படி இருக்கு? நீ சொல்லு," என்றார் அப்பா மகளிடம். அவருக்கு இன்னும் திரும்பத் தைரியம் வரவில்லை.

பொத்தான் பார்த்தாள். சுண்டுவிரல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"குழி இருக்குப்பா. ஆனா ஓரமெல்லாம் புதுத் தோல் மாதிரி ரோஸ் கலரா இருக்கு."

அப்பாவின் தோள்கள் குலுங்கின.

"முழுசா மூட இன்னும் ரொம்ப நாளாகும்," என்றபடி நர்ஸம்மா புதிய துண்டை எடுத்தார்.

வெளியே படிகள் இருந்தன.

"என்மேல சாஞ்சுக்கோங்கப்பா."

"தாங்குவியா?"

"மெஷினையே ஓட்டுறேன். உங்கள ஓட்ட மாட்டேனா?"

அப்பா முதலில் ஒப்புக்குத்தான் அவள் தோளில் கை வைத்தார். அடுத்த படியில் நன்றாகவே சாய்ந்துகொண்டார். அப்பா நல்ல கனம். பொத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு, நிமிர்ந்து நடந்தாள்.