கோவனூர் முத்திரை மோதிரம்

பிற்பகல் 3.40. படுக்கையறையின் உள்தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு ஆதிமூலம் கூடத்துக்கு வந்தார். வலது கையை நீட்டினார். மோதிர விரல் வெறுமையாக இருந்தது.

“காணோம். தூங்கி எழுந்து பாக்கறேன், காணோம்.”

ஒருகாலத்தில் கோவனூரை ஆண்ட அரச குடும்பத்தின் கடைசி வாரிசு அவர். வயது அறுபத்தெட்டு. அரண்மனையெல்லாம் அவர் பிறப்பதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. கருவடிக்குப்பத்தில் வாடகை வீடு. மிஞ்சியவையாக எல்லோரும் அறிந்தவை, ‘துரை’ என்ற அழைப்பும் தகப்பனார் போட்டுவிட்ட தங்க முத்திரை மோதிரமும்தான். மறுநாள் காலை அந்த மோதிரத்தை ஆராய ஓர் அருங்காட்சியக நிபுணர் வருவதாக இருந்தது.

4.15. சப்-இன்ஸ்பெக்டர் கார்குழலி உள்ளே நுழைந்தபோது, செய்தி கேட்டு வந்து போலீசைக் கூப்பிட்டிருந்த துரையின் அக்கா மகன் மதிவாணன் வேலைக்காரி வீராயியின் பையைத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தான்.

“வீட்ல இருந்தது மாமாவும் இந்தம்மாவும்தான் மேடம். வேற யாரு எடுப்பா?”

“நான் பின்னாடி துணி துவச்சிட்டிருந்தேன்மா,” என்றாள் வீராயி. “கதவு உள்ளாற தாப்பா போட்டிருந்திச்சி.”

அறைக்கு ஒரே கதவு. ஜன்னலில் கொசுவலை கிழியாமல் இருந்தது. ஒட்டியிருந்த குளியலறையின் வென்டிலேட்டரில் கைகூட நுழையாது.

“மோதிரம் லூசா இருந்ததா ஐயா?”

“இருபது வயசுல அப்பா போட்டது. கழண்டதே இல்ல.”

விரலின் அடியில் வளையமாகப் பச்சை படிந்திருந்தது. ஏதோ மூலிகைத் தைலம் என்று கார்குழலி நினைத்தார். குளியலறையில் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். அதில் ஊறிய புளி.

“இங்க எதுக்குப் புளி?”

“தெரியலம்மா. நான் வைக்கல,” என்றாள் வீராயி.

யாரும் உள்ளே போக வழியில்லை. கழலாத மோதிரம் கழன்றிருக்கிறது. கார்குழலி நோட்டில் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

5.05. “ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிங்க மேடம்,” என்றான் மதிவாணன். வீராயி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கார்குழலி இன்னொரு முறை குளியலறைக்குப் போய் வந்தார். மற்ற இருவரையும் வாசலுக்கு அனுப்பினார்.

“ஐயா, தங்கம் போட்டா விரல்ல பச்சை படியாது. பித்தளை போட்டா படியும். பித்தளை கறுத்தா புளி போட்டுத் தேய்ப்பாங்க. தேய்க்கணும்னா கழட்டணும். இன்னிக்கும் நீங்களேதான் கழட்டினீங்க. எவ்வளவு தேய்ச்சாலும் நாளைக்கு வர்றவர் கண்டுபிடிச்சிடுவார்னு பயந்து. எங்க போட்டீங்க?”

துரை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்திட்டேன்.”

“அப்ப உங்கப்பா போட்டுவிட்ட தங்க மோதிரம்?”

“இருபத்தோரு வயசுல கடல்ல குளிச்சப்ப அலையில போயிடுச்சி. அப்பாகிட்ட சொல்ல பயம். நெல்லித்தோப்புல ஒரு ஆசாரிகிட்ட அதே மாதிரி செஞ்சு போட்டுக்கிட்டேன். சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. அதுக்கப்புறம் யார்கிட்ட சொல்றது?”

“வீராயி மேல பழி வரும்னு தோணலையா?”

“உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தா யார் மேலயும் வராதுன்னு நெனச்சேன்.”

“அந்தம்மா பையைக் கொட்டினப்ப பாத்துட்டுதானே நின்னீங்க?”

துரை வெறும் விரலைத் தடவினார்.

“அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க,” என்றார் கார்குழலி.

5.30. துரை வாசலுக்கு வந்தார்.

“வீராயி, நீங்க எடுக்கல. நான்தான் தூக்கிப் போட்டேன்.”

வீராயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோதிரம் ஒரு பக்கம் இருக்கட்டும், பதினெட்டு வருடத்தில் அவர் அவளை ‘நீங்க’ என்றது அன்றுதான். அவரையும் போலீஸ்காரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் வூட்டுக்குப் போறேன்,” என்றாள்.

“நாளைக்கு வருவீங்களா?”

அவள் கேட்டைச் சாத்திவிட்டு நடந்தாள். அவள் தெரு திரும்பி மறைந்த பிறகும் துரை அங்கேயே நின்றார்.