மேலேவீட்டு வாசலில் இறங்காதவர்கள்

ஹர்த்தால் என்றால் திருவனந்தபுரத்தில் மற்றவர்கள் கோழிக்கறி வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் சைக்கிளை வெளியே எடுப்பேன். பஸ் இல்லை, லாரி இல்லை, காதைக் கிழிக்கும் ஹாரன் இல்லை. சைக்கிள்காரிக்கு அதைவிட நல்ல நாள் எது? 2006-இல், மழை விட்டிருந்த ஒரு செப்டம்பர் வியாழக்கிழமை அப்படித்தான் கிளம்பினேன்.

என் பெயர் அஜிதா. ஊர் மார்த்தாண்டம் பக்கம், வேலை கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில். அங்கே பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் குழு வைத்திருந்தோம். தார் ரோட்டை விட்டு விலகி மண்ணிலும் சல்லியிலும் போகிற வழிகளைத் தேடிக் குறித்து வருவது என் பொறுப்பு. "அஜிதா கண்டுபிடிச்ச வழியில போனா முதுகெலும்பு கழண்டு வரும்" என்று பினு கிண்டல் செய்வான். ஆனால் முதல் ஆளாக வருவதும் அவன்தான்.

விழிஞ்ஞத்தில் தொடங்கி, கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு பூவார் வரை மணலில் மிதித்தேன். பிறகு உள்ளே திரும்பினேன். தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம், செம்மண். பதினொன்றரை மணிக்குச் சல்லி ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை, ஹர்த்தாலுக்கு மரியாதையாகப் பாதிக் கதவு மட்டும் திறந்து இருந்தது. கடைக்காரி ரத்னாபாய்க்கு ஐம்பது வயது இருக்கும். நான் தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஆளா பிள்ளே? இரி, இரி. கட்டன் தாறேன்."

டீயைக் குடித்துக்கொண்டே ரோட்டைப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் உயரமான செங்கல் மதில் ஒன்று ஆரம்பித்து, ரோட்டை ஒட்டியே இருநூறு மீட்டர் போலப் போனது. அதுவரை சைக்கிளில் வந்த ஒருவர் மதில் தொடங்கும் இடத்தில் இறங்கினார். தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். மதில் முடிகிறவரை தள்ளிக்கொண்டே நடந்து, அந்தப் பக்கம் போனதும் ஏறி மிதித்தார். அடுத்து பைக்கில் ஒருவன் வந்தான். அவனும் இன்ஜினை நிறுத்திவிட்டுத் தள்ளினான்.

"மாமி, இது என்ன கூத்து?"

ரத்னாபாய் குரலைத் தாழ்த்தினார். "மேலேவீடு ஆக்கும் அது. பெரிய எஜமான் வாசல்ல சாய்வு நாற்காலி போட்டு இருப்பாராம். நம்ம ஆளுக அவருக்க முன்ன ஏறி இருந்து போகக்கூடாது. போனா சூரல் பிரம்பால அடி. செத்து அம்பது வருஷம் ஆச்சு. வீட்டுல ஆளில்ல, கேட்டு பூட்டிக் கிடக்கு. எண்ணாலும் எறங்காம போறவன் விழுவான். போன வருஷம் ஒரு பால்காரப் பயல் பின்மண்டை ஒடஞ்சு அங்கேயே போனான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பயம் வரவில்லை என்று பெருமையடிக்க மாட்டேன், அதுவும் கொஞ்சம் வந்தது. ஆனால் கோபம்தான் பெரிதாக இருந்தது. உயிரோடு இருந்தவன் இறங்கச் சொன்னான், இறங்கினார்கள், சரி, வயிற்றுப்பாடு. செத்தவனுக்கு எதற்கு இறங்க வேண்டும்?

"சல்லியில விழுந்திருப்பான் மாமி. பயத்துல அந்தப் பக்கம் திரும்பிப் பாத்து பிரேக் பிடிச்சிருப்பான். சல்லியில பிரேக் பிடிச்சா எவனும் விழுவான்."

"ஒனக்கு வெவரம் உண்டு. எண்ணாலும் எறங்கித் தள்ளிப் போ மோளே. எனக்காகவாவது."

நான் பதில் சொல்வதற்குள் கடைக்குப் பின்னால் அலறல் கேட்டது.

அவருடைய மகள் பொன்செல்வி. பத்தொன்பது வயது. காய்ந்த ஓலையை இழுத்தபோது அடியில் கிடந்த கண்ணாடி விரியன் கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. ரத்னாபாய் கடை போனில் தெரிந்த ஆட்டோக்காரர்களை எல்லாம் கூப்பிட்டார். வண்டியை எடுத்தால் கண்ணாடியை உடைப்பார்கள் என்று ஒருவரும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீட்டர். அந்த மதிலைத் தாண்டித்தான் போக வேண்டும்; வந்த வழியே சுற்றினால் பதினைந்து.

என் சைக்கிளில் பை கட்ட ஒரு கேரியர் உண்டு. பொன்செல்வியை அதில் உட்காரவைத்து, அவள் துப்பட்டாவால் இரண்டு பேர் இடுப்பையும் சேர்த்துக் கட்டினேன்.

"வாசல்ல மட்டும் எறங்குங்க" என்றார் ரத்னாபாய், அழுதுகொண்டே. "ரெண்டு பேரும் எறங்கி நடந்து போங்க. அவருக்க முன்ன நடந்துதான் போகணும். நானும் பின்ன வாறேன்."

"கடிச்ச காலை வச்சு இவ ஒரு அடி நடக்கக்கூடாது மாமி. நடந்தா விஷம் ஏறும்."

"மோளே…"

"நாங்க எறங்க மாட்டோம்."

மிதித்தேன்.

மதில் தொடங்கும்வரை உச்சி வெயில் தலையைப் பிளந்தது. முன்சக்கரம் மதிலோரம் வந்ததும் வெயில் இருந்தது, சூடு இல்லை. காக்கைச் சத்தம், தென்னை ஓலைச் சத்தம், எங்கோ ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சத்தம், எல்லாம் நின்றுபோயிருந்தன. டயருக்கு அடியில் சல்லி நெரிகிற சத்தம் மட்டும்.

சல்லியில் போக ஒரு முறை உண்டு. கையைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும், பின்னால் கனம் கொடுக்க வேண்டும், கண்ணைத் தூரத்தில் வைக்க வேண்டும். நின்றால் விழுவோம். நான் மதில் முடிகிற இடத்தில் நின்ற ஒரு பலாமரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன்.

முதலில் வாசனை வந்தது. சந்தனமும் வாசனைப் புகையிலையும். அதற்கு அடியில் நெடுநாள் புண்ணில் ஊறிய துணியின் நாற்றம்.

பிறகு பிரம்பு நாற்காலி கிறீச்சிடும் சத்தம். யாரோ சாய்ந்திருந்து நிமிர்ந்த சத்தம்.

கேட் என் இடப்பக்கம் வந்தது. நான் பார்க்கவில்லை.

"சேச்சி," பொன்செல்வி என் முதுகில் முகத்தைப் புதைத்தாள். "அங்க ஆளு இருக்கு."

"பாக்காத."

சைக்கிள் கனத்தது. மிக லேசான கியரில்தான் செயின் இருந்தது, அப்படியும் பெடல் அசையவில்லை. பின்சக்கரத்தை யாரோ பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது. முன்னால் சாய்ந்து முழு உடம்பையும் போட்டு மிதித்தேன். அரைச் சுற்று. இன்னொரு அரைச் சுற்று.

ஒட்டியிருந்த பொன்செல்வியைத் தொடாமல் என் முதுகில் விழுந்தது ஓர் அடி.

கத்திவிட்டேன். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை எரிந்தது. ஹாண்டில் ஆடியது. கை தானாகப் பிரேக்குக்குப் போனது.

பிடிக்கவில்லை.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். கோபமே இல்லாத கிழட்டுக் குரல். சொன்னால் நடக்கும் என்று பழகிப்போன குரல்.

"எறங்கு."

"மாட்டேன்."

இரண்டாவது அடி.

"நீ ஆருக்க மோள்?"

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்கள், கல்யாண வீட்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் நான் ஊர்ப் பெயரைச் சொல்லி மழுப்பியிருக்கிறேன். அன்றைக்கு என் தொண்டையில் அத்தனை தடவையும் சேர்ந்து வந்தது.

"பனையேறி வேதமாணிக்கத்துக்க மோள்!" என்று கத்தினேன். "பேரு அஜிதா. எறங்க மாட்டேன். அடி, எவ்வளவு வேணும்னாலும் அடி!"

மூன்றாவது அடி விழுந்தது. கண் இருட்டியது. பலாமரம் இரண்டாகத் தெரிந்தது.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து, பல் கிட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண் பேசினாள். சத்தம் சின்னதுதான்.

"டீக்கடை ரத்னாபாய்க்க மோள். நானும் எறங்க மாட்டேன்."

பின்னால் தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்த ரத்னாபாயின் அலறல் அப்போது கேட்டது. இத்தனை காலம் எல்லோரையும் இறங்கச் சொன்ன அதே தொண்டை.

"எறங்காத மோளே! எறங்காத! மிதி!"

பிடி விட்டது.

சைக்கிள் துள்ளிப் பாய்ந்தது. வெயில் கொதிக்கக் கொதிக்க மேலே வந்து விழுந்தது. காக்கை கத்தியது. அந்தக் காக்கையை அப்போதே இறங்கி முத்தமிட்டிருப்பேன், நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் பொன்செல்விக்கு மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் டாக்டர் என்னிடம் பேசினார். நடக்க வைத்திருந்தால், இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால், கொண்டுவந்து பிரயோஜனம் இருந்திருக்காது என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். நர்ஸ் என் முதுகைப் பார்த்துவிட்டு யார் அடித்தது என்று கேட்டார். மூன்று தடிப்புகள், ரத்தம் கட்டி நீலமாக இருந்தன. சட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

அந்த வழியை வரைபடத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று பினு சொன்னான். நான் சிவப்பு மையால் இன்னும் அழுத்திக் குறித்தேன்.

ஐந்து வாரம் கழித்து, ராத்திரி முழுக்க மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு பேரும் போனோம். டீக்கடை வாசலில் பொன்செல்வி எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஒரு சைக்கிளோடு நின்றாள். கால் இன்னும் சரியாக வலுக்கவில்லை, ஆனாலும் வருவேன் என்றாள். என் கேரியரில் அவள் அம்மா ஏறி உட்கார்ந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு. பதினான்கு பேர் அந்த மதிலோரம் போனோம். ஒருவரும் இறங்கவில்லை. சூடு குறைந்தது, புகையிலை வாசனை வந்தது, நாற்காலி கிறீச்சிட்டது. பினுவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் அடி விழவில்லை.

மதில் முடிந்து சல்லி போய்ச் செம்மண் வருகிற இடத்தில், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்க நின்று திரும்பினேன்.

ஈர மண்ணில் எங்கள் டயர்த் தடங்கள் பின்னிக் கிடந்தன. அவற்றின் மேலேயே, தடங்களை மிதித்து அழுத்தி, வெறுங்காலடிகள் வந்திருந்தன. ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் பிரம்பு ஊன்றிய ஒரு குழி. கேட் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ரோட்டில் ஆளில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பத்தடி தூரத்தில் இன்னொரு காலடி மண்ணில் மெல்லப் பதிந்தது. தண்ணீர் அதில் ஊறி நிறைந்தது.

"சேச்சி…" பொன்செல்வி என் கையைப் பிடித்தாள். "வாறாரு."

எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். "நடந்து வரட்டும்."