சோத்துக்கைப் பக்கம்

மைசூரில் பூர்ணிமா பட்டு மில் என்று ஒன்று இருந்தது. அந்த மில்லுக்கு ஒரு கூடைப்பந்து அணி. "நீங்கள் தறிப்பக்கம் வர வேண்டாம், பந்து போட்டால் போதும்" என்று சொல்லி, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளமே கொடுத்தார்கள்.

நான் அங்கே புள்ளி எழுதுகிறவன். புள்ளி எழுதுகிறவன் பொய் சொல்லக் கூடாது. அதனால் இந்தக் கதையில் மருந்துக்குக்கூடப் பொய் கிடையாது.

1994-ஆம் வருஷம். தசராப் போட்டிக்கு எட்டே நாள் இருந்தது. எங்கள் பயிற்சியாளர் கரியப்பா மாஸ்டருக்கு ஒரு கவலை. அணியில் நாலு இடத்துக்கு ஆள் சரியாக இருந்தது. ஐந்தாவது இடம், அதாவது சென்டர், யாருக்கு?

சென்டர் என்றால் வளையத்துக்கு அடியில், வளையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவர். பந்து கைக்கு வந்ததும் சட்டென்று திரும்பிப் போட வேண்டும். எதிரணி ஆள் முதுகுக்குப் பின்னால் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று வெளியிலிருந்து யாராவது கத்திச் சொல்ல வேண்டும். மாஸ்டர் கத்துவார். அவர் கத்தினால் சாமுண்டி மலைக்குப் போகிற பஸ் நின்று, டிரைவர் இறங்கி, "யார் கூப்பிட்டது?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

மாஸ்டர் நோட்டில் மூன்று பெயர் இருந்தது.

முதல் பெயர் சேகரன். பன்னிரண்டு வருஷமாக அவர்தான் சென்டர். பந்து எங்கே விழும் என்று பந்துக்குத் தெரிவதற்கு முன்னால் சேகரனுக்குத் தெரியும். ஆனால் வலது முழங்கால் போய்விட்டது. அவர் நடந்தால் கேட்கிற சத்தத்தில், யாரோ கதவைத் திறக்கிறார்கள் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இரண்டாவது கிரண். கல்லூரி முடித்த பையன், குதிப்பதில் சூரன். ஒரு தடவை அவன் குதித்தபோது நான் கேன்டீனுக்குப் போய் காபி குடித்துவிட்டு வந்தேன். அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தான். ஒரே குறை, யார் பந்தைத் தூக்குவது போல நடித்தாலும் குதித்துவிடுவான். எதிராளி அவன் காலுக்கடியில் நிதானமாக நடந்துபோய் பந்தைப் போட்டுவிடுவான்.

மூன்றாவது வேலாயுதம். தமிழ்நாட்டு எல்லையோரம், தமிழே பேசுகிற மார்டள்ளிக்காரர். மில்லுக்குப் புதுக் கிடங்கு கட்ட மணல் சுமக்க வந்தவர். ஒரு நாள் எங்கள் பந்து எட்டடிச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. சுவருக்கு மேலே ஒரு தலை வந்து, "பந்து உங்களுதுங்களா?" என்று கேட்டது. சாரத்தின் மேல் நிற்கிறார் என்று நினைத்தோம். எட்டிப் பார்த்தால், ஆள் தரையில் நிற்கிறார்! மில் டாக்டர் ஏணி வைத்து அளந்தார். பதினைந்து நாளாக அவருக்கும் செய்து காட்டியே பயிற்சி நடந்தது; முதுகைக் காட்டி நின்று திரும்புகிற பாடம் மட்டும் இன்னும் வரவில்லை.

இப்போது பிரதிபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேகரனின் மகள். ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ். லீவு நாள் என்றால் என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவித் தருவாள்.

"மாமா, அப்பாவுக்குச் சென்டர் இல்லேன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"சென்டர் போடுகிற ஒன்பதாம் நம்பர் சட்டை போய்விடும். உங்கப்பா தறிக் கூடத்துக்குப் போய் உட்கார வேண்டும்."

"அப்பா உட்காரவே மாட்டார் மாமா. சாப்பிடும்போதுகூட நின்னுண்டுதான் சாப்பிடறார். உட்கார்ந்தா எழுந்திருக்க முழங்கால் விடாது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இதை மாஸ்டர்கிட்டே சொல்லிடாதீங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேர்வு.

சேகரன் வந்தார். பத்துக்கு எட்டு போட்டார். ஒவ்வொரு தடவையும் கதவு திறந்தது. மாஸ்டர் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

கிரண் வந்தான். மாஸ்டர் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். கிரண் குதித்துவிட்டான். மாஸ்டர் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

வேலாயுதம் வந்தார். பந்து அவர் கைக்குப் போனது. "பலக்கே!" என்று கத்தினார் மாஸ்டர்.

வேலாயுதம் மூச்சை இழுத்துப் பிடித்து ஓங்கிப் போட்டார். பந்து பலகையைத் தாண்டி, மரத்தைத் தாண்டிப் போயே போய்விட்டது. சாமுண்டி மலை நந்தியின் மடியில் விழுந்ததாம். பூசாரி குங்குமம் வைத்துத் திருப்பி அனுப்பினார்.

வேறு பந்து கொடுத்தோம். "பலக்கே! பலக்கே!" மறுபடி ஓங்கி ஒரு வீச்சு. அந்தப் பந்து இன்றுவரை வரவில்லை.

மூன்றாவது பந்து. "எடக்கே!" என்றார் மாஸ்டர்.

வேலாயுதம் அப்படியே நின்றுவிட்டார். முகம் சுருங்கிப் போனது. "எடக்கே! எடக்கே!" என்று மாஸ்டர் குதித்தார். வேலாயுதம் பந்தைக் குழந்தையைப் படுக்க வைப்பது போலக் கீழே வைத்தார். கை கூப்பிவிட்டு வெளியே போனார்.

மாஸ்டர் மூன்றாவது பெயருக்கும் பெருக்கல் குறி போட்டார். மிஞ்சியது கேள்விக்குறி ஒன்றுதான்.

பிரதிபாவுக்குச் சந்தோஷம். தண்ணீர் குடிக்கக் குழாயடிக்கு ஓடினாள். அங்கே வேலாயுதம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏன் அண்ணா போயிட்டேள்?"

"பின்ன என்ன கண்ணு? பலமாப் போடுன்னு கத்துனாரு. பலமாப் போட்டேன். அப்புறம் எடக்கு, எடக்குங்கறாரு. நான் என்ன எடக்கு பண்ணுனேன்? எங்கம்மா சத்தியமா நான் ஆரோடயும் எடக்கு மடக்குப் பேசுனதில்ல."

பிரதிபாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கன்னடத்தில் 'பலக்கே' என்றால் வலது பக்கம். 'எடக்கே' என்றால் இடது பக்கம். வலது பக்கம் திரும்பச் சொன்னால் இவர் பலத்தைக் காட்டியிருக்கிறார். இடது பக்கம் திரும்பச் சொன்னால், 'வம்பு பண்ணாதே' என்று திட்டுவதாக நினைத்துவிட்டார்!

வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

சொன்னால் ஒன்பதாம் நம்பர் சட்டை இவருக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் அப்பாவிடமே இருக்கும். சொல்லாமல் இருப்பது பொய்யும் இல்லை.

குழாயில் தண்ணீர் குடித்தாள். ரொம்ப நேரம் குடித்தாள்.

வேலாயுதம் தன் மணல் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மைதானத்தின் ஓரமாக நடந்தார். வளையத்துக்கு அடியில் வந்ததும் நின்றார். கையைத் தூக்கி, தொங்குகிற வலையை மெதுவாக ஒரு தடவை தடவினார். பிறகு போய்விட்டார்.

பிரதிபா குழாயை மூடவில்லை. நேராக மாஸ்டரிடம் ஓடினாள்.

"சார், அவருக்குக் கன்னடம் தெரியாது சார்!"

கன்னடத்தில் கடகடவென்று எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அவரைப் பார்க்காமலே சொன்னாள்.

சேகரன்தான் முதலில் நகர்ந்தார். கதவு திறக்கிற சத்தத்தோடு சுவர் வரைக்கும் ஓடி, "வேலாயுதம்! வாங்கோ, வாங்கோ!" என்று கூப்பிட்டார்.

"தமிழில் பலக்கேக்கு என்ன?" என்று கேட்டார் மாஸ்டர்.

"வலது" என்றாள் பிரதிபா.

வேலாயுதம் தலையைச் சொறிந்தார். "வலது, இடதுன்னா நான் கொஞ்சம் யோசிக்கோணுங்க. எங்கூர்ல சோத்துக்கை, பீச்சாங்கைதானுங்க. அப்படிச் சொன்னா யோசிக்காமயே திரும்பிருவேன்."

சோறு சாப்பிடுகிற கை எது, இன்னொரு கை எது என்று பிரதிபா மாஸ்டருக்கு நடித்துக் காட்டினாள். இன்னொரு கையின் வேலை என்ன என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. மாஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

வேலாயுதம் வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். அவரைத் தடுக்கப் பின்னால் நின்றவர் சேகரன். பந்து வந்தது.

"சோத்தூக் கை!" என்று மாஸ்டர் அலறினார்.

இந்த இடத்தில் நான் எதையும் சேர்க்கப் போவதில்லை. சேர்க்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவர் திரும்பினார். அவசரமே இல்லை. கை மேலே போனது. இன்னும் போனது. பலகையைப் பார்த்து எறியவில்லை. அலமாரியில் டம்ளரை வைப்பது போல, பந்தை வளையத்துக்குள் வைத்தார். வலை 'உஸ்' என்றது. அவ்வளவுதான்.

கிரண் வாயைத் திறந்தபடி நின்றான். நான் புள்ளி எழுத மறந்தேன்.

சேகரன் அண்ணாந்து வளையத்தைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார்.

பதினோரு தடவை. பதினோரு தடவையும் வலை 'உஸ்' என்றது. சேகரன் பன்னிரண்டு வருஷமாகக் கற்ற வித்தை எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். சின்னப் பையன் யானையைப் பார்த்துச் சிரிப்பான் அல்லவா, அப்படி.

ஒன்பதாம் நம்பர் சட்டையைக் கழற்றினார். "இந்தாங்கோ. உங்களுக்குத் தொப்புள் வரைக்கும்தான் வரும். எங்காத்துல ஒட்டுப் போட்டுத் தருவா."

பிரதிபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேகரன் மாஸ்டரிடம் திரும்பினார். "ஆனா சார், நீங்க லேட்டாக் கத்தறேள். நான் கால் மாத்தறச்சேயே நீங்க பக்கத்தைச் சொல்லியிருக்கணும்."

"கால் மாற்றுவது எனக்கு எங்கே தெரிகிறது?"

"எனக்குத் தெரியறதே!"

மாஸ்டர் நோட்டை மூடினார். "அப்படியானால் நீயே கத்து. இனிமேல் என் பக்கத்து நாற்காலி உனக்கு. தறிக் கூடத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்."

பிரதிபா நிமிர்ந்தாள்.

தசராப் போட்டியில் பெங்களூர் அணியோடு கடைசி ஆட்டம். வேலாயுதம் ஒட்டுப் போட்ட சட்டையோடு நின்றார். மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி சேகரன் வீட்டு ஜன்னல் திரை. சேகரன் வரம்புக் கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினார், "சோத்துக்கை! பீச்சாங்கை! சோத்துக்கை!" பெங்களூர்க்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களில் அல்சூர்த் தமிழர் ஒருவருக்கு மட்டும் புரிந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் மூன்று தடவை பந்தை நழுவவிட்டார்.

சேகரன் ஆட்டம் முழுக்க உட்காரவில்லை. கதவுச் சத்தமும் கேட்கவில்லை. கூட்டத்தின் ஆரவாரம் அப்படி.

ஜெயித்ததும் வேலாயுதம் பிரதிபாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"மேலேயிருந்து என்ன தெரிகிறது?" என்று கத்திக் கேட்டேன்.

"மார்டள்ளி தெரியறது மாமா! அண்ணாவோட அம்மா கை காட்டறா!"

மார்டள்ளி நூறு மைலுக்கு அந்தப் பக்கம். சின்ன வயதில் இப்படிப் பொய் சொல்லக் கூடாது என்று நான் அவளைக் கண்டித்தேன். அப்புறம், யாரும் பார்க்காதபோது, நானும் அந்தப் பக்கம் ஒரு தடவை கை காட்டிவைத்தேன்.