அழித்த படம்

“அந்தப் படத்த நான் யாருக்கும் அனுப்பலக்கா. டாக்டருக்குக் காட்டிட்டு அப்பவே அழிச்சிட்டேன்” என்றாள் வாசுகி. மார்பில் கட்டி அறுத்த தழும்பின் படம் அது. தெரியாத எண்ணிலிருந்து மாப்பிள்ளை வசந்தனின் வீட்டுக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், மாமியார்க்காரி நிறுத்திவிடலாம் என்கிறாளாம்.

கேதரின் போலீஸில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். செமிலிங் ஊரில் யாருக்கு வம்பு வந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். கணவர் ஆர்தருக்குத்தான் பஸ் ஓட்டிய காலத்து அவசரம் இன்னும் போகவில்லை.

“அண்ணிக்காரி நளினிதான் லா! இவ ஹேண்ட்போன எடுத்து நோண்டுறவ அவ ஒருத்திதானே!” என்றார் ஆர்தர்.

“சும்மா இருங்க. வாசுகி, இது புது ஹேண்ட்போனா?”

“ஆமாக்கா. பழசு கால்வாயில விழுந்து செத்துப்போச்சு. காளிதாசன் அண்ணன் கடையிலதான் புதுசு வாங்குனேன். பழைய படமெல்லாம் அப்படியே திரும்பக் கொண்டுவந்துட்டாரு. நல்ல மனுசன். பொண்ணு கேட்டு வந்தப்போ, அண்ணன்னு கூப்பிடுறவராச்சேன்னு மறுத்தேன். அப்பக்கூட மொகம் சுளிக்கல.”

“பாஸ்வேர்ட் நீ குடுத்தியா?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்க தோட்டத்துப் பொம்பளைங்க எல்லாருக்கும் அவருதான் போட்டுக் குடுப்பாரு.”

கேதரின் ஒரு தாளில் ‘இன்று மூன்று மணிக்குப் போலீஸ் காளிதாசன் கடைக்கு வருகிறது’ என்று எழுதினார். வாசுகியை அதைப் படமெடுத்து உடனே அழிக்கச் சொன்னார். கைப்பேசியைத் தம் கைப்பையில் போட்டுப் பூட்டிக்கொண்டார்.

இரண்டரை மணிக்குக் காளிதாசன் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, கணினியைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடி வந்தான். அங்கே கேதரின் சொல்லிவைத்த இரண்டு போலீஸ்காரர்களோடு அவரும் ஆர்தரும் வாசுகியும் நின்றிருந்தார்கள்.

“வியாபார நேரத்துல எங்க தம்பி ஓட்டம்?” என்றார் கேதரின். “பழைய ஹேண்ட்போன் செத்துப்போச்சு. அப்புறம் படம் எங்கேருந்து வந்துச்சு? எடுக்கிற படமெல்லாம் இன்டர்நெட்டுல ஒரு பெட்டிக்குப் போகுது. அழிச்சாலும் அதோட குப்பைத் தொட்டியில கொஞ்ச நாள் கெடக்கும். இவ பெட்டிக்குச் சாவி உங்கிட்ட இருக்கு. காலையில அந்தத் தாளப் பாத்தது நாங்க மூணு பேரு. நாலாவதா பாத்தவன்தான் இப்ப ஓடுறான்.”

போலீஸார் கணினியைத் திறந்தார்கள். வரிசையாகத் தோட்டத்துப் பெண்களின் பெயர்கள். நளினியின் பெயரும் இருந்தது. அத்தனை பேர் குப்பையையும் கிளறித் தின்றிருக்கிறான் நாய்.

“கல்யாணம் நின்னா எனக்குக் கெடைப்பான்னு...” என்று முனகினான்.

“தூ!” என்று துப்பினார் ஆர்தர். காலையில் நளினியைச் சொன்னதற்கும் சேர்த்து அவருக்கு அவமானமாக இருந்தது.

சாயங்காலம் வசந்தன் வாசுகியின் வீட்டுக்கு வந்தான். “தப்பு உம்மேல இல்லன்னு அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம கல்யாணம் நடக்கும்.”

“அந்தப் படத்த அழிச்சிட்டீங்களா?”

அவன் தரையைப் பார்த்தான். “அம்மா அன்னிக்கே குடும்ப குரூப்புல போட்டுட்டாங்க. எல்லாரும் பாத்தாச்சு. இனிமே அழிச்சு என்ன ஆகப் போவுது?”

வாசுகி நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“அவன் திருட்டுத்தனமாப் பாத்தான். நீங்க குடும்பமா உக்காந்து பாத்திருக்கீங்க. சீ! எழுந்து போங்க.”