வழுக்கி விழுந்த கை

ராஜாமணியின் வலக்கை எப்படிப் போயிற்று என்று யார் கேட்டாலும் அந்த வீட்டில் ஒரே பதில்தான் சொல்லப்படும்: குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டாள். இவ்வாறுதான் சொல்ல வேண்டுமென்று எவரும் எவரையும் பணித்ததில்லை. ஆயினும் ஒருவரும் தவறியதில்லை. மாமியார் சந்திரம்மாள் கோயில் வாசலில் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னாள். கணவன் தணிகாசலம், தன்னோடு கம்பெனிப் பேருந்து ஓட்டும் நண்பர்களிடம் அப்படியே சொன்னான். கொழுந்தன் எல்லப்பனும் அவன் மனைவி சசிகலாவும் அப்படியே சொன்னார்கள். ராஜாமணியும் அப்படியே சொன்னாள்.

நடந்தது வேறென்பது ஐவருக்கும் தெரியும். வல்லம் வடகாலில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையொன்றில் எல்லப்பன் சூப்பர்வைசர். அவனுடைய லைனில்தான் ராஜாமணியும் வேலை பார்த்தாள். ஐப்பசியில் ஒருநாள், பாகங்களை நகர்த்திச்செல்லும் பெல்ட்டில் ஒன்று சிக்கிக்கொண்டது. நிறுத்தினால் அன்றைய இலக்குக் குறையும். “ஓடிக்கினே இருக்கட்டும் அண்ணி, கைய வுட்டு எடுத்துடுங்க” என்றான் எல்லப்பன். உருளை முதலில் கையுறையைப் பற்றியது; பிறகு கையை. யாரோ ஓடிவந்து நிறுத்துவதற்குள் தோள்வரை இழுத்து முறுக்கிவிட்டது. பார்த்தவர்கள் யாவரும் ஒப்பந்தத்தில் வேலைசெய்யும் பெண்கள். வாய் திறந்தால் அவர்களுக்கும் மறுநாள் வேலையில்லை.

தொழிற்சாலை வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்றொரு பலகை உண்டு. அதிலுள்ள எண் பூஜ்யத்துக்குத் திரும்பினால் முதலில் யார் வெளியேற்றப்படுவார் என்பதை எல்லப்பன் அறிவான். அவன் இன்னும் நிரந்தரமாகவில்லை. எனவே யாருக்கும் சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அழுதான். அவள் மணமாகி வந்தபோது அவன் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. நினைவு தப்பித் தப்பி வந்த நிலையிலும் அவள்தான் சொன்னாள்: “அழுவாத எல்லப்பா… வூட்டுல வழுக்கி வுழுந்தேன்னு நானே சொல்லிக்கிறேன்.”

அவள் ஒருநாளைக்கென்று கொடுத்த வாக்கியத்தைக் குடும்பம் நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. மணிக்கட்டில் மயிரிழை அளவில் முறிவு, மாவுக்கட்டுப் போட்டார்கள், எலும்பு கூடியது. வலி மட்டும் போகவில்லை. எலும்பு கூடிய கையில் வலி எப்படி இருக்கும் என்று வீடு கேட்கத் தொடங்கியது. பொய்க்கு உடன்பட்டவர்கள், அந்தப் பொய்யின் அளவுக்கே காயத்தையும் சுருக்கிவிட்டார்கள்.

பங்குனியின் அந்தக் காலைப்பொழுதும் அப்படித்தான் தொடங்கியது.

கூடத்தில் சசிகலா மின்விசிறியைப் போட்டாள். அடுத்த கணம் ராஜாமணி வலக்கையைச் சேலைத் தலைப்பால் மூடியபடி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

“பார்த்தியா அத்தே! காத்து பட்டா நோவுதாம்! இன்னாது, கையா, அப்பளமா?”

“ஃபேன நிறுத்துடி சசிகலா,” என்றாள் சந்திரம்மாள்.

“நான் இன்னா வேணும்னா போட்டேன்? வேர்த்து ஊத்துது. எட்டு மணிக்கு ஷிஃப்டு பஸ் வந்துடும், அவருக்கு டிபன் கட்டணும். அக்கா ஒத்தக் கையால ஒரு சட்னி அரைக்கறதுக்குள்ள எனக்குப் பொழுது விடிஞ்சு பொழுது சாஞ்சுடுது…”

“எல்லப்பனுக்கு இன்னிக்கு ஷிஃப்டு இல்ல சசி,” என்றது அடுப்படியிலிருந்து வந்த குரல். “டாக்டரு கூட்டினு வரச் சொல்லிக்கிறாங்க.”

சசிகலாவின் முகம் மாறியது. “அவர எதுக்கு? அவரு லீவு போட்டா மார்க்கு குறையாதா? இந்த மாசம்தான் கன்பார்ம் பண்ணப்போறாங்கன்னு தெரியுமில்ல உங்களுக்கு? போன வாட்டி போயி ஊசி போட்டுக்கினீங்க. போச்சா நோவு? ஊசி போட்டும் போவாத நோவு, நோவா அது?”

ராஜாமணி தோசையைத் திருப்பினாள். இடக்கையால் திருப்பியதால் அது பாதி மடிந்தது.

சந்திரம்மாள் வெற்றிலையை மென்றபடி வாசலைப் பார்த்துச் சொன்னாள்: “ஊரு உலகத்துல கை ஒடியாதவங்களே இல்லையா? எங்க அண்ணன் மாட்டு வண்டியில வுழுந்து கால ஒடிச்சிக்கினான். மறு தையில ஏர் ஓட்டுனான். மனசுல தெம்பு வேணும்டி… மனசுல! நானும் வரேன் இன்னிக்கு. அந்த டாக்டரு இன்னாதான் சொல்றான்னு என் காதால கேட்டுக்கறேன்.”

அவள் உடன் போகத் தீர்மானித்ததில் கனிவு ஏதுமில்லை. எல்லப்பன் ஒருவேளை தடுமாறினால் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

மருத்துவமனை பூந்தமல்லிப் பக்கம் இருந்தது. வாடகைக் கார் செம்பரம்பாக்கத்தைக் கடந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் ராஜாமணி கண்ணை மூடிக்கொண்டாள். எல்லப்பன் முன்னிருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருமுறை திரும்பி, “அண்ணி, ஏசிக் காத்து படுதா?” என்று கேட்டான். “இல்லப்பா” என்றாள். காற்று பட்டுக்கொண்டுதான் இருந்தது.

வலி சிகிச்சைப் பிரிவின் மருத்துவர் ஆணல்லர் என்பதே சந்திரம்மாளுக்கு முதல் வியப்பு. வேல்விழி என்று பெயர். தென்காசிப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயதுக்கு மேல் மதிக்க முடியாது.

“வாங்கம்மா. போன தடவ மணிக்கட்டுல ஊசி போட்டோம்லா? எப்படி இருந்துச்சு, மறைக்காமச் சொல்லுங்க.”

“கை மரத்துப்போச்சு டாக்டரம்மா. கிள்ளுனாலும் தெரியல. ஆனா எரிச்சல் மட்டும்… தோள்லேருந்து எறங்கிக்கினேதான் இருந்துச்சு. நெருப்புக்கம்பி வுட்டாப்பல.”

சந்திரம்மாள் மருத்துவரை நோக்கிச் சாய்ந்தாள். “மரத்த கையில எரிச்சல் எப்படிம்மா இருக்கும்? நீயே சொல்லு!”

“நல்லாக் கேட்டிய ஆச்சி. அதத்தான் நானும் யோசிக்கேன்.” வேல்விழி சிரிக்கவில்லை. “இந்த ஊசி வைத்தியம் பாதி, சோதனை பாதி. எந்த நரம்ப மரக்கவச்சா வலி நிக்கோ, அந்த நரம்புதான் அடிபட்டிருக்குன்னு அர்த்தம். மணிக்கட்டு நரம்ப மரக்கவச்சும் வலி நிக்கலன்னா, அம்மா பொய் சொல்லுதாங்கன்னு அர்த்தமில்ல. நாங்க குத்துன எடம் தப்புன்னு அர்த்தம்.”

எல்லப்பன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“கையத் தூக்குங்கம்மா. எவ்வளவு முடியுமோ அவ்வளவு.”

ராஜாமணியின் கை மார்பளவுக்கு வந்து நின்றது, நடுங்கியது, தானாகவே இறங்கிவிட்டது.

“தலமுடி யாரு பின்னி விடுதா?”

“அத்ததான்.”

வேல்விழி சந்திரம்மாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு ராஜாமணியின் முதுகுப்பக்கம் போய், ரவிக்கைக்கு மேலாக இரு தோள்பட்டைகளையும் தொட்டு ஒப்பிட்டாள். வலப்பக்கம் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. பின்னர் ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து, வலக்கையின் மேல் மெல்ல இழுத்தாள். ராஜாமணி கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்; நெற்றியிலும் உள்ளங்கையிலும் வியர்வை அரும்பியது; கையின் நிறம் சற்று நேரத்தில் நாவற்பழத் தோலைப்போல் கருநீலமாகிவிட்டது.

சந்திரம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகையை நடிக்கலாம். முனகலை நடிக்கலாம். வியர்வையையும் நிறத்தையும் எப்படி நடிப்பது?

வேல்விழி நாற்காலியில் அமர்ந்து எல்லப்பனை நோக்கினாள். “நீங்கதான மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது? அதுக்குத்தான் வரச்சொன்னேன். எனக்கு ஒண்ணு வெளங்கணும். கை ஊனி விழுந்து, மணிக்கட்டு ஒடிஞ்சு, ரொம்ப நாள் அசைக்காம வச்சிருந்தாலும் தோளு இறுகிப்போகும். சதையும் கொஞ்சம் வத்தும். அப்படின்னா வைத்தியம் மணிக்கட்டுலதான். இன்னைக்கு மறுபடி அங்கயே ஊசி போட்டுட்டு, அந்த நரம்ப ரேடியோ அலையால அடக்கப் பாக்கலாம். ஆனா, கைய ஏதாச்சும் வேகமா இழுத்திருந்தா கதையே வேற. கழுத்துலேருந்து தோளுக்கு வர்ற நரம்புக் கொத்து இழுபட்டிருக்கும். ஊசி போடுத எடம் வேற, எடுக்கிற ஸ்கேன் வேற. ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். அதுக்கும் ஒரு காலக்கெடு இருக்கு. தாண்டிட்டா நரம்பு திரும்பாது, கை இப்படியே நின்னுரும். அதான் கேக்கேன்… எப்படி விழுந்தாங்க?”

எல்லப்பன் தாயைப் பார்த்தான். தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வூட்டுல… குளிக்கிற எடத்துல மேடம். பாசி இருந்துச்சு. வழுக்கிட்டாங்க.”

“யாரும் பிடிச்சு இழுத்தாங்களா? எதுலயாவது கை மாட்டிச்சா?”

“இல்ல மேடம்.”

“நீங்க சொல்லுங்கம்மா.”

ராஜாமணி எல்லப்பனைப் பார்த்தாள். அவன் முகத்தில் அவள் எதைக் கண்டாளோ! கருத்துப்போன கையை மடியில் மெல்ல எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்: “வழுக்கித்தான் வுழுந்தேன் டாக்டரம்மா. நீங்க மணிக்கட்டுலயே போடுங்க. நான் தாங்கிக்கறேன்.”

தனக்குப் பயன்படாது என்று சற்றுமுன் காதால் கேட்ட ஊசிக்காக அவள் கையை நீட்டினாள். வேல்விழி பெருமூச்சுவிட்டு எழுந்தாள். மணிக்கட்டில் அடையாளம் வைக்கப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். முனை தோலில் பட்டதும் ராஜாமணியின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. கை மட்டும் பின்வாங்கவில்லை.

“நிறுத்தும்மா!”

நாற்காலி பின்னால் சரியச் சந்திரம்மாள் எழுந்து நின்றிருந்தாள்.

“யம்மா… உக்காரு,” என்றான் எல்லப்பன். “நான் சொல்லிட்டேன்ல?”

“நீ சொன்னத கேட்டேன்டா. அவ சொன்னதயும் கேட்டேன்.” கிழவி மகனை நேரே பார்த்தாள். “வயித்துல பெத்தவ நானு. உன்ன காப்பாத்தணும்னு நான் நெனச்சதுல நியாயம் கீது. இவளுக்கு இன்னா தலையெழுத்துடா? இப்பவும் தெரிஞ்சே கைய நீட்டறாளே… தப்பான எடத்துல குத்துன்னு நீட்டறாளே! இதப் பார்த்துக்கினு வாய மூடிக்கினு குந்தினிருந்தா, நான் மனுஷியா?”

“அத்தே, வேணாம்…” ராஜாமணி பதறி எழுந்தாள். “கன்பார்ம் ஆவுற நேரம் அத்தே… இத்தினி நாளு பொறுத்தாச்சு…”

“நீ பொறுத்தடி. நாங்க இன்னா பொறுத்தோம்? திட்டுனோம்!” சந்திரம்மாள் மருமகளை அணைக்கக் கைகளை விரித்தாள். அந்தக் கருத்த கை கண்ணில் பட்டதும் எங்கே தொட்டால் நோகுமோ என்று திகைத்து, விரித்த கைகளால் அவள் முகத்தை மட்டும் ஏந்திக்கொண்டாள். “அழுவாத. எம்மா, அழுவாத…”

“யம்மா! என் வேல போயிடும்மா!” எல்லப்பனின் குரல் கிட்டத்தட்ட அலறலாக வந்தது.

“போவட்டும்டா. வேற வேல கெடைக்கும். வேற கை கெடைக்குமா இவளுக்கு?”

ராஜாமணியின் முகத்தை விடாமலே அவள் மருத்துவரின் பக்கம் திரும்பினாள். கதவு திறந்திருந்தது; வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

“இவ வழுக்கி வுழலம்மா. எங்க வூட்டுல யாருமே வழுக்கி வுழல. கம்பெனில பெல்ட்டு இஸ்த்துக்கினு போச்சு இவ கைய, தோளு வரைக்கும். ஓடற பெல்ட்டுல கைய வுடுன்னு சொன்னது, இதோ நிக்கறானே, என் புள்ள.”