ஏழு நாள் முகவரி

நித்திலா எழுதிய எச்சரிக்கைக் கடிதத்தைக் கைப்பேசிகளின் குப்பைக்கடிதக் காவலிகள் பதினொரு விநாடியில் விழுங்கிவிட்டன. கோவை மாவட்டத்தில், அவள் வேலை பார்க்கும் ஏலக்களம் என்ற இணையச் சந்தையின் வழியே பொருள் வாங்கிய இரண்டு லட்சம் பேருக்கும் அதை அனுப்பியிருந்தாள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. 'உடனே', 'ஆபத்து', 'உயிர்' என்று மூன்று சொற்கள் அதில் இருந்தன. இவற்றைக் கண்டால் யோசிக்காமல் குப்பையில் தள்ளு என்று காவலிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

காவலி இல்லாத காலத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஏலத்தில் ஒரு பழைய நாற்காலியைக் கேட்டுவிட்டால் போதும், மறுநாளே நாற்காலிக்காரன், மெத்தைக்காரன், மூட்டுவலித் தைலக்காரன் என்று ஆயிரம் பேர் மின்னஞ்சல் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அந்தத் தொல்லையை ஒழிக்கக் காவலியோடு சேர்த்து ஏலக்களம் கொண்டுவந்ததுதான் திரைமுகவரி. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆளுக்கொரு தற்காலிக மின்னஞ்சல் முகவரி கொடுக்கப்படும். பொருள் கைமாறிய ஏழாம் நாள் இரண்டும் கரைந்துவிடும், பேசிய பேச்சும் கூடவே போய்விடும். பொருளைக் கொண்டு போன தானியங்கி வண்டிக்குக்கூட ஞாபகம் மிஞ்சாது. யார் யாருக்கு விற்றார் என்பது நிறுவனத்துக்கே தெரியாது என்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போட்டார்கள். அந்த வாசகமும் நித்திலாவுடையதுதான்.

வைகாசியில், இறந்துபோன தன் அப்பாவின் மூச்சுப்பொறியை அவள் ஏலக்களத்தில் விற்றாள். 'வளி-6' என்ற மாதிரி, நல்ல நிலையில் இருந்தது. வாங்கியவர் கோவை மாவட்டத்துக்காரர் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆடி பிறந்த இரண்டாம் நாள், அதைச் செய்த நிறுவனத்திலிருந்து பழைய உரிமையாளர் என்ற முறையில் அவளுக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. அந்த மாதிரியின் மின்கலம் உப்பி வெடிக்கிறதாம், மூன்று வீடுகளில் தீப்பிடித்திருக்கிறதாம், மின்கலத்தைக் கழற்றிவிட்டுச் சுவர் மின்சாரத்தில் மட்டும் ஓட்ட வேண்டுமாம். வீட்டில் யாராவது மூச்சுக்குத் திணறினால்தான் அந்தப் பொறியை வாங்குவார்கள். தீப்பிடித்தால் அவர்களால் எழுந்து ஓடவா முடியும்?

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். மேலாளர் தனபாலிடம் சொன்னபோது அவர் முழுதாகக் கேட்டார், நல்ல மனிதர்தான். ஏலக்களத்தின் முகப்பில் ஒரு அறிவிப்புப் போடவும் சம்மதித்தார். ஆனால் வேண்டியதைக் காவலியே தேடி எடுத்துக் கொடுத்துவிடும்போது முகப்பை யார் பார்க்கிறார்கள்? காவலியைக் கொஞ்ச நேரம் தூங்க வைக்கலாம் என்றால், அது அவரவர் கைப்பேசிக்குள் உட்கார்ந்து அவரவர் பேச்சை மட்டுமே கேட்கும்படி இவர்களே செய்திருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் வழி அவள் கையில் இருந்தது. ஒருவரைத் தனியே பிடிக்கும் வழி இல்லை, அனுப்பியதைப் படிக்க வைக்கும் வழியும் இல்லை.

"சட்டப்படி நம்ம மேல தப்பே கிடையாதும்மா," என்றார் தனபால்.

"தெரியும் சார். அதனாலதான் தூக்கம் வரமாட்டேங்குது."

நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தாள். 'தயவுசெய்து' என்று தொடங்கினால் குப்பை. 'இலவசமாக மாற்றித் தருவார்கள்' என்றால் குப்பைக்கும் அடியில் குப்பை. கடைசியில்தான் கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வந்தது.

காவலி வந்த முதல் ஆண்டில் நடந்த கூத்து அது. முன்பின் தெரியாத ஆள், ஒரே கடிதம் நூற்றுக்கணக்கான பேருக்கு, பளபளவென்று தங்கக் கரை, 'அவசியம் வருகை தந்து' என்ற கெஞ்சல். குப்பைக்கடிதத்தின் அத்தனை லட்சணமும் பொருந்தியிருந்ததால் காவலி பத்திரிகைகளையெல்லாம் தின்று தீர்த்தது. பத்திரிகை வரவில்லை என்று தாய்மாமன் சீர் கொண்டுவராமல் போனதும், சம்பந்தி வீட்டார் பேச்சை நிறுத்தியதும் நூறு ஊரில் நடந்தன. மக்கள் ஏலக்களத்தின் வாசலுக்கே வந்து சண்டை போட்டார்கள். அதன்பின் ஒரே ஒரு விலக்கு கொடுக்கப்பட்டது. மணமக்கள் பெயர், பெற்றோர் பெயர், நேரம், உண்மையிலேயே பதிவான மண்டபம் ஆகிய நான்கும் இருந்தால் காவலி வழிவிடும்.

நித்திலா சிங்காநல்லூரில் ஒரு சின்ன மண்டபத்தைப் பதிவு செய்தாள். ஆடி மாதம் என்பதால் கேட்டவுடன் கிடைத்தது. இல்லாத ஒரு பெண்ணுக்கும் இல்லாத ஒரு பையனுக்கும் வாய்க்கு வந்த பெயரை வைத்தாள். 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று போடுகிற அடிக்குறிப்பில் இப்படி எழுதினாள்: 'வளி-6 மூச்சுப்பொறி வைத்திருக்கும் உறவினர்கள் அதன் மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிடும்படி அன்புடன் வேண்டுகிறோம்.' எழுதும்போது அவளுக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. காவலிகள் பத்திரிகையை மரியாதையாக உள்ளே விட்டன.

ஒரு நாள் முழுக்கக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்த்துகள் வந்தன. மின்கலத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மண்டபம் பதிவாகிவிட்டதே, யாராவது வந்து நிற்கப் போகிறார்களே என்ற பயத்தில் குறித்த நாள் காலையில் அங்கே போனாள். நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். மணமக்களை ஒருவருக்கும் தெரியாது. பெண் வீட்டார் நம்மை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று எல்லாருமே நினைத்திருந்தார்கள். யாரோ சொந்தம், போகாவிட்டால் தப்பாகிவிடும் என்று சிலர் வந்தார்கள். ஆடியில் கல்யாணமா, என்ன அவசரமோ என்று துப்புத் துலக்கவே பலர் வந்திருந்தார்கள். வாசலில் ஒவ்வொருவரையாக நிறுத்தி அடிக்குறிப்பைப் படித்தீர்களா என்று கேட்டாள். பத்திரிகையில் மண்டபத்தையும் நேரத்தையும் தவிர வேறு எதைப் படிப்பார்கள் என்று அவர்கள் அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

வேறு வழியில்லாமல் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் இல்லை, மன்னிக்க வேண்டும், ஆனால் வளி-6 வைத்திருப்பவர்கள் உடனே மின்கலத்தைக் கழற்றுங்கள், உயிருக்கு ஆபத்து. கூட்டத்தில் ஒரு சிரிப்பு பரவியது. "அட, யாவாரமுங்க," என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவர் பின்னால் வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். காவலியிடம் பல வருடம் பழகியவர்கள் அல்லவா, அதைப் போலவே சட்டென்று முடிவெடுத்தார்கள்.

செருப்பு மாட்டும் இடத்தில் மட்டும் ஒருவர் தயங்கி நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் பரிசுப் பொட்டலம், பெயர் திருமூர்த்தி என்றார். நித்திலா ஓடிப் போய் அவர் எதிரே நின்றாள்.

"எங்கம்மா அந்த மெஷின்லதானுங்க மூச்சு உடறாங்க, வைகாசியில ஏலக்களத்துல எடுத்தது," என்றார். "ஆனா, புதுசு ஒண்ணை எங்க தலையில கட்டத்தான இத்தனை ஏற்பாடு?"

"நான் எதையும் விக்கலைங்க. அதை உங்களுக்கு வித்ததே நான்தான்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நாம பேசிக்கிட்டது இருக்குமில்ல? காட்டுங்க பாக்கலாம்."

காட்ட ஒன்றுமில்லை. ஏழாம் நாளே எல்லாம் கரைந்துவிட்டது. அம்மாவை அழைத்துக் கழற்றச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். அம்மாவால் குனிய முடியாது, இப்போது வீட்டில் வேறு ஆளும் இல்லை என்றார். வீடு எங்கே என்று கேட்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. ஸ்கூட்டரைக் கிளப்பினார். நித்திலா தன் வண்டியில் அவரைத் துரத்தினாள். முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டைக் கண்டுபிடிக்கப் பின்தொடர்ந்து போவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, அதைவிடப் பயமாகவும் இருந்தது. ஆனாலும் விடவில்லை.

ஒண்டிப்புதூரில் ஒரு சந்துக்குள் அவர் வண்டியை நிறுத்தித் திரும்பி, போலீசைக் கூப்பிடுவேன் என்று சத்தம் போட்டார். கூப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே அவள் அவரைத் தாண்டி உள்ளே நுழைந்தாள். கட்டிலில் ஒரு அம்மாள் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். கட்டிலுக்கடியில் நித்திலா வீட்டு வளி-6. அவள் தரையில் மண்டியிட்டுப் பின்மூடியைத் திறந்து மின்கலத்தை உருவினாள். பூரி போல உப்பியிருந்தது. கை பொறுக்காத சூடு. புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடி, வாசல் மண்ணில் வைத்தாள். திருமூர்த்தி அதைப் பார்த்தார், பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பொறி சுவர் மின்சாரத்தில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. நித்திலாவுக்கு இரண்டு வாரத்தில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா கண்ணு?" என்று உள்ளிருந்து அந்த அம்மாள் கேட்டார். நல்லா நடந்ததுங்கம்மா என்று அவளே பதில் சொன்னாள்.

கிளம்பும்போது திருமூர்த்தி எழுந்து வந்து கைகூப்பினார்.

"உங்க மெயில் முகவரி குடுத்துட்டுப் போங்க. அம்மா எப்படி இருக்காங்கன்னு அப்பப்ப எழுதறனுங்க."

மகிழ்ச்சியோடு கைப்பேசியை எடுத்துத் தட்டி, திரையில் வந்ததை அவர் முன் நீட்டினாள். அவர் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது திரைமுகவரி, ஏழு நாளில் கரைந்துவிடும். இருங்க, இருங்க என்று அவரை நிறுத்திவிட்டு உண்மையான முகவரியைத் தேடினாள். கைப்பேசி இன்னொரு திரைமுகவரியைக் கொடுத்தது. அதையும் தள்ளிவிட்டுத் தேடினாள், மூன்றாவதாக ஒன்று வந்தது. ஆறு வருடமாக யாரும் அவளிடம் சொந்த முகவரியைக் கேட்டதில்லை, அவளும் யாருக்கும் கொடுத்ததில்லை. அமைப்புகளுக்குள் ஆழமாகப் போய்ப் பார்த்தபோது முகவரி இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகளே நிறைந்திருந்தன. பாதுகாப்புக்காக மறைக்கப்பட்டது என்று கீழே அவளே எழுதிய வாசகம் இருந்தது.

திருமூர்த்தி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். தன் பெயரோடு பிறந்த வருடத்தைச் சேர்த்திருந்தோமா, ஊர்ப் பெயரைச் சேர்த்திருந்தோமா என்று நித்திலா வெயிலில் நின்று யோசித்தாள். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.